ஒரு மீட்டர் அகலத்தில் வளர்ந்த ஊர்கள்

தாம்பரத்தில் கடற்கரை வண்டி ஏறினால் முதலில் வரும் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களுக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். சானடோரியம் என்றால் காசநோயாளிகளைத் தங்கவைத்துக் குணப்படுத்தும் இடம். 1928இல் அதை இங்கே தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்திவந்தவர். நம் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கிறார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு, நகரத்தின் தூசியும் நெரிசலும் எட்டாத தூரம் இவைதான் வைத்தியம். அந்தத் தூரத்தைத் தேடித்தான் சௌரி முத்து தாம்பரத்துக்கு வந்தார்.

மூன்றே ஆண்டுகளில் அந்தத் தூரம் இல்லாமல் போயிற்று. 1931இல் மின்சார ரயில் வந்துவிட்டது.

இந்தப் பாதையில் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையை ஒரு பழைய கல்வெட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறேன். நகரம் இவ்வளவு தூரம் வராது என்று நம்பி வைத்த பெயர் அதில் நிற்கிறது. அடுத்த நிறுத்தம் குரோம்பேட்டை. பல்லாவரம் பக்கம் நடந்த குரோம் லெதர் தோல் தொழிற்சாலை கொடுத்த பெயர். தாம்பரம் முதல் கடற்கரை வரையிலான சுமார் 29 கிலோமீட்டரில் கோயிலையோ கோட்டையையோ தேடிப் போகிறவர்கள் பரங்கிமலையில் இறங்குவார்கள், எழும்பூரில் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களைச் சுமந்துவந்த பாதையும் ஒரு வரலாற்றுச் சின்னம்தான். அதன் பெரும்பகுதியை நாம் பெயர்த்து எடுத்துவிட்டோம்.

சென்னையில் ரயில் முதலில் தெற்கே ஓடவில்லை. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய வண்டிதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது மேற்கே போன அகலப் பாதை. தெற்கே ரயில் தொடங்கியது நாகப்பட்டினத்தில். 1861இல் அங்கிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் கிரேட் சதர்ன் கம்பெனி வண்டி விட்டது. அதுவும் அகலப் பாதையே. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசாங்கம், செலவைக் குறைக்க இனிப் போடும் கிளைப் பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் போடலாம் என்று முடிவெடுத்தது. 1874இல் கிரேட் சதர்னும் கர்நாடிக் கம்பெனியும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. எஸ்.ஐ.ஆர். என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். புதிய கம்பெனி, ஏற்கெனவே போட்டிருந்த அகலப் பாதையையும் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கியது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் மீட்டர் கேஜைப் பெயர்த்து மறுபடியும் அகலப் பாதை போட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் நான்கைந்து தலைமுறையில் இரண்டு முறை தண்டவாளம் மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலச் சிக்கனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அகலப் பாதைக்குக் காசு சேரட்டும் என்று காத்திருந்தால் தூத்துக்குடிக்கு ரயில் போக இன்னும் ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

எழும்பூரிலிருந்து பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் மீட்டர் கேஜ் பாதை 1870களின் பிற்பாதியில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கிய காலமும் அதுவே. இருப்புப்பாதையை மக்கள் தானிய மூட்டையோடும் பசியோடும் சேர்த்துத்தான் முதலில் அறிந்தார்கள்.

அப்போது தாம்பரம் ஏரிகளுக்கும் கல்குன்றுகளுக்கும் நடுவே ஒரு சிற்றூர். தூத்துக்குடியிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரவெல்லாம் வந்த வண்டி, பட்டணத்துக்குள் நுழையும் முன் கைகாட்டி இறங்கக் காத்திருந்து புகை விட்ட இடம். பாசஞ்சர் வண்டியில் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்து வந்தவர் கண்ணில் கரித்தூள், சட்டையில் பொத்தல், கையில் கட்டுச்சோற்று மூட்டை. ஸ்டேஷனில் சாப்பிடலாம் என்றால் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். பெரியாரும் மற்றவர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலிருந்து நீங்கியது. எல்லாரையும் ஒரே பெட்டியில் நெருக்கி உட்காரவைத்த ரயில், ஒரே பந்தியில் உட்காரவைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இதே பாதையில்தான் இலங்கைக்கும் போனார்கள். முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், பிறகு தலைமன்னாருக்குச் சிறு கப்பல், அங்கே இறங்கினால் மறுபடியும் ரயில். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்தது. வியாபாரிகளும், தேயிலைத் தோட்டத்தில் உறவுக்காரர்கள் இருந்தவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளைகளும் தாம்பரத்தைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அங்கே இடிந்து நிற்கும் ரயில் நிலையச் சுவரைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது. அந்தச் சுவரின் மறுமுனை எழும்பூர்.

எழும்பூர் நிலையம் நிற்கும் இடத்தில் முன்பு ரிடவுட் என்ற சிறு கோட்டை இருந்தது. ஹென்றி இர்வின் வரைந்த கட்டடத்தை பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை 17 லட்சம் ரூபாயில் கட்டி முடித்தார். 1908 ஜூனில் திறந்தார்கள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கரை, கும்மட்டம், வளைவுகள். பிளாட்பாரம் வரை கார் வந்து நிற்க உள்ளேயே சாலை. இத்தனை அலங்காரமும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துக்காகச் செய்தது. அகலப் பாதையின் சென்ட்ரலுக்குச் சளைத்ததல்ல தென்பாதை என்று எஸ்.ஐ.ஆர். ஊருக்குச் சொன்ன வார்த்தை அது.

ஆனால் தென்சென்னையை உருவாக்கியது அந்தக் கும்மட்டமன்று. அதைக் கடந்து கோட்டை, கடற்கரை என்று போன இரண்டு தனித் தண்டவாளங்களும் மேலே தொங்கிய செம்புக் கம்பியும்தான்.

1920களில் ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நிரம்பி வழிந்தன. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை கிடந்த நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். ஏரிக்கு மேற்கே ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மனைகள் தயார், ஆனால் ஹைகோர்ட்டிலும் பாரி முனையிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் குமாஸ்தா காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டுமே. கரிவண்டியால் அது முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மின்சார ரயிலின் அருமை அதில்தான் இருக்கிறது.

நீராவி எஞ்சின் கடைசி ஸ்டேஷனுக்கு வந்ததும் அதைக் கழற்ற வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி ஏற்ற வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும். அதுவரை பிளாட்பாரம் அடைபட்டே கிடக்கும். நின்ற வண்டி வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்று வைத்தால் பயணம் முழுக்க மூச்சு வாங்குவதிலேயே கழியும். மின்சார வண்டியில் தனி எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பெட்டிக்கு அடியில். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. தாம்பரம் வந்ததும் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போனால் போதும், வண்டி கடற்கரைக்குத் தயார். கை தொட்டதும் கிளம்பும், கை எடுத்ததும் நிற்கும். அதனால்தான் நிறுத்தங்களை நெருக்கமாக வைக்க முடிந்தது. நிறுத்தம் வந்த இடத்தில் கடை வந்தது, கடையைச் சுற்றித் தெரு வந்தது.

இந்தியாவில் மின்சார ரயில் முதலில் ஓடியது பம்பாயில், 1925 பிப்ரவரி 3ஆம் தேதி. அடுத்தது நம்முடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய வண்டிகளை 1931 ஏப்ரல் 2ஆம் தேதி கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பெயர் தந்தவர் இவரே. மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். 1,500 வோல்ட் நேர்மின்சாரம், மீட்டர் கேஜ். இந்த நாட்டில் மின்சாரம் கண்ட மீட்டர் கேஜ் பாதை இது ஒன்றுதான், கடைசி வரை. தாம்பரத்தில் புதிய நிலையமும் வண்டிகளுக்கான பணிமனையும் வந்தன. கடற்கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போகலாம் என்றானதும் பரங்கிமலைக்குத் தெற்கே மனை வாங்குவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததைத் தாம்பரத்தில் பார்க்கலாம். நூறு ஆண்டுகளாக ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தன் மூட்டை முடிச்சோடு சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடற்கரையருகே இருந்த கல்லூரிக்குத் தாம்பரம்வரை வரும் துணிச்சல் தந்தவற்றில் இந்த ரயிலுக்கு நிச்சயம் பங்குண்டு. மறு ஆண்டு டிசம்பரில் அங்கே உலக மிஷனரி மாநாடு கூடியது. உலகெங்கும் இறையியல் படிப்பவர்கள் 'தாம்பரம் 1938' என்று இன்றும் சொல்கிறார்கள். மின்சார ரயில் வந்து ஏழே ஆண்டில் ஒரு சிற்றூரின் பெயர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ரயில் சேர்த்ததோடு நிற்கவில்லை, பிரிக்கவும் செய்தது. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம். மாம்பலத்துக்கு ஒரு பக்கம் மேற்கு மாம்பலம், மறுபக்கம் தி. நகர். கோடம்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஸ்டூடியோவுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்கள் நிற்கும், முகம் பார்க்க ஜனம் கூடும். 1960களில் மேம்பாலம் வந்து அந்தக் கூட்டம் கலைந்தது. அதே பத்தாண்டில் நேர்மின்சாரம் போய் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. கம்பி விழுப்புரம் வரை நீண்டது.

மீட்டர் கேஜ் பெட்டியின் குறுகல் இன்னும் பலர் உடம்பில் நினைவாக இருக்கிறது. எதிர் இருக்கைக்காரரின் முழங்கால் நம் முழங்காலைத் தொடும். பீச் வண்டியில் பூக்கூடையும் கல்லூரிப் பையும் ஒரே மடியில் இருக்கும். கெட்டி அட்டை டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வருவோம். சீசன் டிக்கெட்காரர்கள் ஒரே பெட்டி, ஒரே இடம், ஒரே சீட்டாட்டம். 1990களில் பக்கத்திலேயே அகலப் பாதை வந்து, சில ஆண்டுகள் இரண்டு அளவு வண்டிகளும் தோளோடு தோள் ஓடின. 2004இல் மீட்டர் கேஜ் புறநகர் வண்டி நின்றது. 73 ஆண்டுகள் ஓடியிருந்தது.

அகலப் பாதை வந்தே ஆக வேண்டும், இத்தனை கூட்டத்தை அந்தச் சின்னப் பெட்டிகள் தாங்கியிருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல்லாவரத்தைத் தாண்டும்போது ஒன்று உறுத்தும். 1863 மே 30ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு சரளைக் குழியிலிருந்து பழைய கற்காலக் கோடரியை எடுத்தார். அவர் சேகரித்த கற்கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியது. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் கருவியைக் காப்பாற்றத் தெரிந்த நாம், நம் வீட்டு முகவரியையே எழுதிக்கொடுத்த பாதையில் நூறு அடியைக் கூடப் பிளாட்பார ஓரமாக விட்டுவைத்திருக்கலாம். அதன்மேல் ஒரு பெட்டி, உள்ளே அந்தக் குறுகிய இருக்கை. தாம்பரத்தில் அதற்கு இடமா இல்லை?

பழைய தண்டவாளத்தை ரயில்வே வீணாக்குவதில்லை. வெட்டி, வேலிக்கம்பமாக நடுவார்கள், கூரைக்குத் தூணாக நிறுத்துவார்கள். தண்டவாளத்தின் இடுப்பில் உருக்கிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசினாலும் விரலால் தடவினால் சில இடங்களில் எழுத்து தட்டுப்படும். மாலை வண்டிக்குக் காத்திருக்கும் நேரங்களில் நான் அப்படித் தடவிப் பார்ப்பதுண்டு. அந்தக் கம்பங்களுக்கு நடுவே யாரோ கயிறு கட்டி வேட்டி உலர்த்தியிருப்பார்கள். செங்கல்பட்டு வண்டி கடக்கும் காற்றில் அது ஒருமுறை உப்பித் தணியும்.