யாளியின் கண்ணில் ஒரு விளக்கு

தஞ்சை ராஜவீதிகளை அடுத்த சந்துகளில் வீணைப் பட்டறை எங்கே இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய பலாக் கட்டைகளைச் செதுக்கும்போது உதிர்ந்த மஞ்சள் நிறச் சீவல்கள் வாசற்படி வரையில் சிதறிக் கிடப்பதே போதுமான விலாசம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரகுநாத நாயக்கர் அரசாண்ட காலத்தில், 24 மெட்டுக்களும் அசையாமல் நிலைபெற்ற இன்றைய வீணை உருவாயிற்று என்று சங்கீத சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தகைய பூர்வ கீர்த்தியுடைய வாத்தியத்தின் யாளித் தலையில், தந்தியை மீட்டினால் கண் ஒளிரும்படி எல்இடி விளக்குப் பொருத்துகிறார்கள் என்று ஒரு நண்பர் வந்து சொன்னபோது எனக்கு உண்டானது சிறிது அருவருப்பும் மிகுந்த ஆவலுமாக இருந்தபடியால், ஆவலின் பக்கம் சேர்ந்து புறப்பட்டுவிட்டேன்.

நான் போன வேளையில் பட்டறைப் பெரியவர் மேளம் கட்டிக்கொண்டிருந்தார், அதாவது வீணையின் மெட்டுக்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தார். குடமும் தண்டியும் யாளியும் எவ்வளவு லட்சணமாக அமைந்திருந்தாலும், மேளம் கட்டி முடியும் வரையில் வீணை வெறும் மரச்சாமான்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கரிப்பொடியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு ஓரங்களிலும் வரம்பு பிடித்து, அது இறுகுவதற்குள் வெண்கல மெட்டுக்களை ஒவ்வொன்றாக அதன்மேல் பதித்து, இடக்கை விரலால் தந்தியை அழுத்தி வலக்கை விரலால் மீட்டி, ஸ்வரம் ஒரு நூலளவு ஏறியிருந்தால் மெட்டை அந்த நூலளவு பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் மீட்டிக் கேட்டு, பிறகுதான் அடுத்த மெட்டுக்குப் போகிறார். இந்தக் காரியத்தில் அவருக்கு உதவியாக இருப்பது காதைத் தவிர வேறொன்றுமில்லை. நான் அருகில் போய் உட்கார்ந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மந்தர ஸ்தாயியின் மெட்டுக்கள் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க சார், மெழுகு ஆறிப்போனா மறுபடி அடுப்பு மூட்டணும்" என்றார்.

விளக்கு வைத்த வீணையைப் பற்றிக் கேட்டேன். வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்தார் தங்கள் பெண்ணின் கச்சேரிக்காக அப்படிக் கேட்டிருந்தார்களாம். "கேட்டாங்க, செஞ்சேன். ஆனா தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். யாளி கண்ணைத் திறக்கலாம், சிமிட்டக் கூடாது." இந்த நிபந்தனையின் கஷ்டம் எவ்வளவு என்பது, விளக்கு வேலையைச் செய்த மெக்கானிக்கான அந்தத் தம்பியைப் பார்க்கத் திருவையாற்றுக்குப் போன பிறகே எனக்கு விளங்கியது.

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று வரிசையாக ஆறுகளைத் தாண்டிக் கடைசியில் காவிரியையும் தாண்டுகிறது. அந்த மெக்கானிக்கின் ஜீவனமும் இந்த ஆறுகளை ஒட்டியே நடக்கிறது: நடவுக் காலத்தில் பம்புசெட்டு ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்ப்பது, அறுவடை முடிந்து கோவில் திருவிழாக்கள் தொடங்கியதும் மைக்செட்டும் சீரியல் விளக்கும் கட்டுவது. தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நடக்கிற ஊரில் இருப்பதால் ஒலிபெருக்கியின் குறைகளைக் கூசாமல் எடுத்துச் சொல்லும் ரசிகர்களுக்கும் அவருக்குப் பஞ்சமில்லை.

அவர் மேஜைமேல் எடுத்து வைத்தது ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய, ஒரு புறம் வெள்ளைப் பூச்சுள்ள பித்தளைத் தகடு. இதற்குப் பீசோ என்று பெயர். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்பதைப் பியர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக்கும் 1880இல் கண்டறிந்தார்கள். அதே தத்துவந்தான் இந்தத் தகட்டின் வெள்ளைப் பூச்சில் வேலை செய்கிறது. வீணையின் பலகைமேல் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகில் இதை ஒட்டிவிட்டால், தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகையில் இறங்க, பலகை தகட்டை நெரிக்க, தகடு அதற்கேற்ற மின் அலையை வெளியிடுகிறது. ஈமனி சங்கர சாஸ்திரி, சிட்டிபாபு போன்ற மகா வைணிகர்கள் காண்டாக்ட் மைக்கை மேடைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, பலகையின் அதிர்வை நேரே பிடிக்கும் இந்த ஏற்பாடு வீணைக்குப் புதிதல்ல. அது நாதத்தைக் கெடுக்கிறதா என்ற விவாதமும் அன்று முதல் ஓயவில்லை.

ஆனால் அந்த மின் அலை விளக்கை எரிக்கப் போதாது. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் அது மங்கலாக எரிவதுகூட இல்லை, அறவே எரியாது. ஆகவே அலையை முதலில் ஆம்பிளிஃபயரில் பெருக்க வேண்டும். பெருக்கினாலும் அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருப்பதால், வயலுக்குள் நீரை விட்டு வெளியே போகாதபடி தடுக்கும் மடையைப் போல, ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்று வேண்டும். டயோடு விட்டதைச் சற்று நேரம் தேக்கி வைக்கக் கெப்பாசிட்டர் ஒன்றும் வேண்டும். தேக்காமல் விட்டால் தந்தி நொடிக்கு நூற்றைம்பது முறை அதிரும்போது விளக்கும் அத்தனை முறை எரிந்து அணையும். கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. நமக்குத் தெரிய வேண்டியது நாதம் எழுந்து தேய்கிற போக்கு. கெப்பாசிட்டர் சிறியதானால் விளக்கு துடிக்கிறது. பெரியதானால் நாதம் நின்ற பிறகும் அசட்டுத்தனமாக எரிந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவும் செய்து ஒரு டிரான்சிஸ்டரின் தலையில் விளக்கை மாட்டிப் பார்த்தாராம். மீட்டியவுடன் பளிச்சென்று எரிந்து, பாதிக் கார்வையிலேயே பட்டென்று அணைந்தது. டிரான்சிஸ்டர் விழித்திருக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை; அதற்குக் கீழே நாதம் இறங்கியதும் அதற்கு உறக்கம் வந்துவிடுகிறது. காதோ அதற்குப் பிறகும் நெடுநேரம் கேட்கிறது, ஏனெனில் ஒலியின் பலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் காதுக்கு அது ஒரு படி இறங்கியதாகத்தான் படுகிறது. பெரியவர் சிமிட்டல் என்று சொன்னது இதைத்தான். ஒலியளவைக் காட்டும் எல்எம்3915 என்ற ஐசியை எடுத்து மெக்கானிக் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று டெசிபலுக்கு ஒரு படியாகப் பத்து விளக்குகளை அடுத்தடுத்து எரிக்க ஏற்பட்ட அந்த ஐசியின் பத்துக் கால்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஜோடி விளக்குக்குக் கொடுத்துவிட்டார்; ஒவ்வொரு படிக்கும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் கூட, நாதம் தேயும்போது யாளியின் கண்ணும் பத்துப் படியில் இறங்கித் தேய்கிறது. சர்க்கியூட்டும் பாட்டரியும் சுரைக்குடுக்கைக்குள் அடங்கிவிட்டன. கம்பி, கூடான தண்டிக்குள் போகிறது. வீணையை மடியில் வைத்தால் சபையோருக்கு யாளியின் ஒரு கண்தானே தெரியும் என்று நான் கேட்டேன். "ஒத்தக் கண்ணு வச்சா பெரியவர் அடிக்க வருவார் சார்" என்றார்.

மறுபடி பட்டறைக்கு வந்து, இதே ஏற்பாடு செய்த இன்னொரு வீணையைப் பெரியவர் மீட்டப் பார்த்தேன். மெட்டு மெட்டாக மேலே போகையில் ஓரிடத்தில் மட்டும் கண் விரைவாக மங்கியது. மெட்டுக்கு அடியில் மெழுகு சரியாகப் பிடிக்காத இடம் அது. விளக்கு கண்டுபிடித்துவிட்டதே என்று நான் வியந்தபோது, அதைக் காலையிலேயே கேட்டுச் சுண்ணாம்பால் குறியிட்டிருந்ததைக் காட்டினார். பிறகு என்னைச் சோதிப்பவர்போல, மெழுகு இளகியிருந்த வேறொரு மெட்டை நகத்தால் சிறிது நகர்த்தி மீட்டினார். ஸ்வரம் கோணிற்று, எனக்கே தெரிந்தது. யாளியின் கண்ணில் மாற்றமே இல்லை. தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்தார். ஸ்வரம் ஊசலாடியது, விளக்கு அசையவில்லை. விளக்குக்குத் தெரிந்தது நாதத்தின் பலம் ஒன்றுதான், சுருதியை அது அறியாது. அலங்காரம் என்று எடுத்துக்கொண்டால் அழகான அலங்காரம் என்பதும், சங்கீதத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சாட்சிதான் என்பதும் என் அபிப்பிராயம். கார்வையைக் காட்டத் திருவையாற்று மெக்கானிக் பட்ட சிரமம் மட்டும் முழு மரியாதைக்குரியது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பீசோ தகட்டைத் தேன்மெழுகால் ஒட்டுங்கள், வேண்டாதபோது சுத்தமாக எடுத்துவிடலாம். பலகையில் ஆணியோ பசையோ படக் கூடாது. மின்சாரத்துக்கு 9 வோல்ட் பாட்டரியே போதும், சுவர்ப் பிளக்கின் பக்கம் போக வேண்டாம். கோடை வெயிலில் மெழுகு இளகி ஸ்வரம் தவறினால், விளக்குக்காரரை விட்டுவிட்டு மேளம் கட்டுகிறவரிடம் வீணையை எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.