பூமி இறங்குது... பார்த்தீங்களா?

உங்க வீட்டு மொட்டை மாடி, போன வருஷத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கு? உங்களுக்குத் தெரியாது. ஆனா, 700 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோளுக்குத் தெரியும் ஃப்ரெண்ட்ஸ்!

மேட்டர் சிம்பிள். செயற்கைக்கோள் தரைக்கு ராடார் அலை அனுப்பும். அது பட்டுத் திரும்பும். சில நாள் கழிச்சு அதே பாதையில் வந்து மறுபடி அனுப்பும். நடுவுல தரை இறங்கியிருந்தா, திரும்பி வர்ற அலை பழைய அலையோட பொருந்தாம லேசா தள்ளி நிக்கும். நான் ஆரணி பக்கம் சேவூர் பையன். அப்பா பட்டு நெசவாளர். ஜரிகையில ஒரு இழை தள்ளினாலும் கண்டுபிடிச்சுடுவார். ராடாருக்கும் அதே கண்ணுதான்! இருட்டு, மேகம் எதுவும் அதுக்குத் தடை இல்லை. ஐரோப்பாவோட சென்டினல்-1 2014-லேருந்து இந்த வேலையைப் பார்க்குது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செஞ்ச நிசார், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலேருந்து கிளம்பியது.

சரி, தரை ஏன் இறங்கணும்? ஆழத்துல இருக்கிற களிமண் அடுக்கைத் தாங்கிப் பிடிக்கிறதுல தண்ணிக்கும் பங்கு உண்டு. போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, மண் நெருங்கி அமுங்கிடும். அப்புறம் எவ்வளவு மழை கொட்டினாலும், தண்ணி தங்கின அந்த இடம் முழுசா திரும்பாது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், 1925-க்கும் 1977-க்கும் நடுவுல ஓரிடத்தில் தரை 9 மீட்டர் கிட்ட இறங்கிடுச்சு!

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம சென்னைக்கு வாங்க. 2015 முதல் 2023 வரையிலான ராடார் பதிவுகளை அலசின ஓர் ஆய்வு, 2025-ல் 'நேச்சர் சஸ்டெயினபிலிட்டி' இதழ்ல வந்தது. டெல்லியில் அதிகபட்சமா வருஷத்துக்கு 5 செ.மீ., சென்னையில் 3 செ.மீ. இறக்கம். ஒரே கட்டடத்துக்கு அடியில ஒரு பக்கம் அதிகமாவும் மறுபக்கம் குறைவாவும் இறங்கினா, சுவர் விரிசல் விடும்.

இதை வீட்டில் சொன்னப்போ அப்பா கேட்டார், "நம்ம தறிக்குழியும் இறங்கிடுமாடா?"

"இறங்காதுப்பா. நமக்கு அடியில பாறை."

"அப்ப எத்தனை போர் வேணா போட்டுக்கலாம்னு சொல்றியா?"

அங்கதான் விஷயமே! பாறை அமுங்காது. அதனால, நாம எவ்வளவு உறிஞ்சினாலும் எந்த ராடாரும் நம்மை எச்சரிக்கப் போறதில்லை. மோட்டார் காத்து இழுக்கும்போதுதான் விழிப்போம். பாறையில தண்ணி தங்குறது வெடிப்புகள்லயும் மேலே இருக்கிற சிதைந்த அடுக்குலயும் மட்டும்தான். சீக்கிரம் காலியாகும். ஆனா, ஒரு நல்ல மழைக்கு மறுபடி ஊறும். அமுங்கின களிமண்ணுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு இது!

உங்க ஊரும் எங்க ஊர் மாதிரி பாறை பூமியா? அப்ப ராடார் வேலையை நீங்கதான் பார்க்கணும். ஒரு கயிறு, நுனியில ஒரு கல். மாசா மாசம் 1-ம் தேதி கிணத்துல இறக்கி, எத்தனை அடியில தண்ணி இருக்குன்னு சுவத்துல எழுதி வைங்க. ஒரு வருஷம் எழுதினா போதும்... அடுத்த போர் போடலாமா வேணாமான்னு அந்தச் சுவரே சொல்லிடும்!