ஆடுகளத்திலே ஒரு தாய்

"பிள்ளை பெற்ற பின் பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்பார் பலர். கேள்வி பழையது, கேட்போர் எத்தேசத்திலும் உளர். இதற்கு வாதத்தால் விடை கூறுவதினும், ஒருவரது வாழ்க்கையைக் காட்டி விடை கூறுவதே எனக்கு உவப்பு. அவ்வகையில் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் பெண்மணி, ஹாலந்து தேசத்து வீராங்கனை எஸ்தவானா போல்மன்.

அவரது ஆட்டம் ஹேண்ட்பால். வலைக்கு மேல் பந்தைத் தட்டும் ஆட்டமன்று இது. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், பக்கத்துக்கு எழுவராக 60 நிமிஷம் ஆடுவர். பந்தைக் கையால் எறிந்தே கோல் போடல் வேண்டும். பந்தைப் பிடித்தவர் மூன்று அடிக்கு மேல் எடுத்து வைத்தலாகாது. மூன்று விநாடிக்கு மேல் அசையாது வைத்திருத்தலுமாகாது. கோலுக்கு முன்னுள்ள 6 மீட்டர் வளைவுக்குள் காவலர் ஒருவரே நிற்கலாம். ஆதலின், எறிவோர் கோட்டின் வெளியே நின்று எம்பிக் குதித்து, அந்தரத்திலிருந்தே எறிவர். எதிரிகளோ உடலையே மதிலாக்கி மறிப்பர். தோளும் முழங்காலும் படும் பாடு சொல்லுந்தரமன்று! இவ்வாட்டத்தைப் பெண்கள் ஆடுதற்கு ஒலிம்பிக் பந்தயம் 1976இல்தான் கதவு திறந்தது. ஆண்கள் 1972லேயே ஆடிவிட்டனர்.

போல்மன் 1992இல் ஆர்ன்ஹெம் நகரிற் பிறந்தவர். ஹாலந்திலே கால்பந்துக்குள்ள செல்வாக்கு இதற்கில்லை. ஆகவே திறமுடையோர் பிழைப்புக்கு அயல்நாடு செல்வர். இவரும் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் கழகத்தில் ஆடி, 2013 முதல் டென்மார்க்கின் எஸ்பியர்க் கழகத்திற் சேர்ந்தார். இவரது தேச அணியோ வெற்றியின் வாயில்வரை சென்று திரும்புவதே வழக்கமாயிருந்தது. 2015 உலகப் போட்டியின் இறுதியில் நார்வேயிடம் 31-23 எனத் தோற்றது. 2016 ஐரோப்பியப் போட்டியின் இறுதியிலும் அதே நார்வேயிடம் 30-29 என ஒரே கோலில் தோற்றது.

2017 ஜூன் திங்களில் போல்மன் ஒரு பெண்மகவுக்குத் தாயானார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜெர்மனியில் நடந்த உலகப் போட்டியில் களமிறங்கினார்; அணி வெண்கலம் வென்றது. இதனினும் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. அவர்தம் துணைவர் ராஃபாயல் வான் டெர் வார்ட், ஹாலந்து அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய கால்பந்து வீரர். அத்தகையவர் 2016இல் டென்மார்க்குக் கழகமொன்றில் வந்து சேர்ந்தார். 2018இல் எஸ்பியர்க் நகரத்துக் கழகத்துக்கே வந்து, அவ்வாண்டே ஓய்வும் பெற்றார். புகழ்மிக்க ஆண்மகன், தன் துணைவி தொழில் செய்யும் ஊருக்கு வந்து குடியிருப்பது இழிவெனக் கருதவில்லை. ஆணின் வேலைக்காகப் பெண் ஊர்விட்டு ஊர் பெயர்வதை இயற்கை என்கிறோம்; பெண்ணின் வேலைக்காக ஆண் பெயர்ந்தால் மட்டும் அதிசயமென்பது என்ன நியாயம்?

2019 டிசம்பரில் ஜப்பானின் குமமோட்டோ நகரில் உலகப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே ஹாலந்து, ஸ்லோவேனியாவிடம் தோற்றது. அதனால் மனம் தளரவில்லை. அரையிறுதியில் ருஷ்யாவை 33-32 என வென்றது. இறுதியில் எதிர்ப்பட்டது ஸ்பெயின். சில விநாடிகளே எஞ்சியிருக்க, லோயிஸ் அபிங் என்னும் நங்கை 7 மீட்டர் தண்ட எறியைக் கோலாக்கினார். 30-29! ஒரே கோலில் இழந்த வரலாறு ஒரே கோலில் ஈடாயிற்று. ஹாலந்துக்கு அதுவே முதல் உலகப் பட்டம். அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர், இரண்டு வயதுக் குழந்தையின் தாயாகிய போல்மன்.

விதி அத்துடன் விடவில்லை. 2020 ஆகஸ்டில் அவர் முழங்காலின் தசைநார் அறுந்தது. இங்ஙனம் வீழ்ந்து எழாதவர் எத்தனையோ பேர். அவரோ மீண்டும் நடை பயின்று, ஓட்டம் பயின்று, 2022இல் ருமேனியாவின் புக்காரஸ்ட் நகரத்துக் கழகத்தில் ஆடச் சென்றார்.

பட்டமும் பதக்கமும் ஒருபுறம் இருக்கட்டும். தாய்மை பெண்ணின் திறனைக் குறைத்ததென்று கூறுவோர், பல வேளைகளில் அவளைச் சூழ்ந்தோர் கைகொடாமையையே தாய்மையின்மேல் ஏற்றிச் சொல்கின்றனர் என்பதே என் துணிபு. கைகொடுப்பார் இருப்பின் தாயும் களம் காண்பாள்; வெல்லவும் செய்வாள்.