டாங்கிக்குள்ளே டீ

இங்கிலாந்தில் போவிங்டன் ஊரில் டாங்க்ஃபெஸ்ட் என்ற டாங்கித் திருவிழா. கூட்டமெல்லாம் டைகர் 131 பக்கம். 1943-ல் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய ஜெர்மன் டாங்கி. இன்றும் ஓடுகிற ஒரே டைகர் 1. அது உறுமியபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் நான் நின்றுவிட்டது செஞ்சூரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கி அருகே. கோட்டில் பதக்கங்களோடு ஒரு பெரியவர், ஒருகாலத்தில் அதில் பீரங்கிக்குக் குண்டு போட்டவராம். சண்டைக் கதை கேட்டேன், பிடிகொடுக்கவில்லை. உள்ளேயிருந்த சதுரப் பெட்டியைக் காட்டினார்: மின்சாரத்தில் வெந்நீர் போடும் பாத்திரம்! டீ போட வெளியே இறங்கி எதிரியிடம் அடிபட வேண்டாமே. டப்பா உணவையும் அதிலேயே போட்டுச் சூடாக்குவார்களாம்.

“டீ போடுவது யார்?”

“குண்டு போடுகிறவன்தான். குண்டைவிட டீதான் அதிகம் போட்டேன்!”