வெள்ளை விளிம்பும் ஒரு தவறான எண்ணமும்



ஆண்டுதோறும் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே எங்கள் மதரஸாவில் ஸஹர், இஃப்தார் நேர அட்டவணையைத் தயாரித்து, அறந்தாங்கியில் அச்சிட்டு, மஹல்லாவின் எல்லா வீடுகளுக்கும் வழங்குவது வழக்கம். சென்ற முறை அட்டைக்கான படத்தை மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். நோன்புக் கஞ்சிக் கலயமும் அதன் மேல் ஒரு பிறையுமாக, கணினியில் வரைந்து வந்தான். தனியே பார்க்கையில் படம் அழகாக இருந்தது. அட்டையின் கரும்பச்சைப் பின்னணியில் வைத்தபோதோ, கலயத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கண்ணை உறுத்தியது.

இணையத்திலிருந்து எடுத்து வெட்டி ஒட்டும் படங்களில் இத்தகைய விளிம்பைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே, “இதை நீ வரையவில்லை தம்பி, எங்கிருந்தோ வெட்டி எடுத்திருக்கிறாய்” என்று மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே கூறிவிட்டேன்.

“நான்தான் வரைந்தேன், ஹஜ்ரத்” என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வகுப்பிற்கும் வரவில்லை.

அன்றிரவு என் மனம் அமைதி கொள்ளவில்லை. இஷாவுக்குப் பின் கணினியின் முன் அமர்ந்து, அவன் பயன்படுத்தும் அதே ‘கிம்ப்’ மென்பொருளில் நானும் ஒரு கோணல் கலயத்தை வரைந்தேன். வெண்ணிறப் பின்னணியைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். பச்சை அட்டையின் மேல் வைத்தேன். என் கலயத்தைச் சுற்றியும் அதே வெள்ளைக் கோடு!

படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. கோடு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, விளிம்பிலுள்ள புள்ளிகளில் கோட்டின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் மென்பொருள் கலந்துவிடுகிறது. பின்னணியை நீக்கிய பிறகும், பாதி வெண்மை கலந்த அப்புள்ளிகள் எஞ்சி நிற்கின்றன. வெண்மையின் மேல் அவை மறைந்திருக்கும். கரும் பின்னணியில் வெளிப்பட்டுவிடும்.

இதற்கான தீர்வு எளிது. முதலிலேயே வெண்ணிறப் பின்னணியின்றி, ஒளிபுகும் வெற்று அடுக்கின் மேல் வரைந்தால் இச்சிக்கல் எழாது. வரைந்து முடித்த படமாயின், கிம்ப்பிலுள்ள ‘கலர் டு ஆல்பா’ கலந்திருக்கும் வெண்மையை மட்டும் பிரித்தெடுக்கும். ஆனால் படத்தின் உள்ளிருக்கும் வெளிர் நிறங்களும் அதனால் கரைந்துபோகும். எனவே விளிம்புப் பகுதியை மட்டும் தேர்வு செய்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ‘மேட்டிங்’ என்னும் பிரிவிலுள்ள ‘டீஃப்ரிஞ்ச்’ இதே பணியைச் செய்கிறது. ஒரு பிக்சல் அளவே பெரும்பாலும் போதும்.

சேமிக்கும் வடிவமும் முக்கியம். 1992இல் தரநிலையான ஜேபெக், ஒளிபுகும் தன்மையைப் பதிவு செய்வதில்லை. வெற்றிடத்தைப் பெரும்பாலும் வெண்மையால் நிரப்பிவிடும். 1996இல் வந்த பிஎன்ஜி வடிவம் அதைக் காக்கிறது. இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் படத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் மயிரிழைக் கோடு தோன்றினால், பக்கத்தின் இடமும் அளவும் பிக்சல் கணக்கில் முழு எண்களாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்னமாக இருந்தால் ஓரத்துப் புள்ளிகள் பாதி நிரம்பியும் பாதி வெறுமையாகவும் நின்றுவிடும்.

மறுநாள் அஸருக்குப் பின் அவன் வீட்டிற்குச் சென்றேன். நான் கேட்காமலேயே தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினான். பக்கம் பக்கமாகப் பென்சிலால் வரைந்து பார்த்த கலயங்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் இடும் கட்டளையை எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். ஒரு பிக்சல் அகலமே உள்ள கோட்டைச் சாட்சியாக வைத்து, அந்தக் கட்டளையை நானே மீறியிருந்தேன். பலர் முன்னிலையில் சுமத்திய பழியை அவன் வீட்டுத் திண்ணையில் மட்டும் திரும்பப் பெறுவது நீதியாகாது. அடுத்த வகுப்பில் அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். விளிம்பைச் சரிசெய்யும் முறையையும் அங்கேயே செய்து காட்டினேன். என் கோணல் கலயத்தைக் கண்டு சிரித்தவர்களில் அவனும் இருந்தான். அந்தச் சிரிப்பிற்குப் பிறகுதான் என் மனச்சுமை குறைந்தது.

நம் கண்கள் காணும் குறையெல்லாம் பிறர் செய்த குற்றமாகிவிடாது. தீய எண்ணத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைக் காத்தருள்வானாக. ஆமீன்.