அவளே பேசட்டும்

இங்கே காலை எட்டு மணி என்றால் சேலம் சூரமங்கலத்தில் மத்தியானம் பன்னிரண்டரை. 2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. அங்கே கொடியேற்றம் முடிந்து, கொடுத்த மிட்டாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பா, சோறுகூட உண்ணாமல் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில், எங்கள் சமையலறை மேசையில் என் மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். அன்று ஏ லெவல் தேர்வு முடிவு. நம் பிளஸ் டூ மாதிரி.

உயிரியலில் ஏ. கணக்கில் பி. வேதியியலில் சி.

மருந்தியல் படிக்க அவள் முதலாவதாகத் தேர்ந்திருந்த பல்கலைக்கழகம் இரண்டு ஏ, ஒரு பி கேட்டிருந்தது. கை நழுவினால் இருக்கட்டும் என்று வைத்திருந்த இரண்டாவது இடம் மூன்று பி கேட்டது. வேதியியலின் அந்த ஒற்றை சி இரண்டையும் கொண்டுபோய்விட்டது. மகள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அப்பாவின் அழைப்பு வந்தது.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு கண்ணு?"

"கொஞ்சம் கொறஞ்சிருச்சுப்பா."

ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு கேட்டார். "அப்போ ஒரு வருசம் போச்சா?"

எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். மார்க் குறைந்தால் வருசம் போகும். வருசம் போனால் வேறென்னவெல்லாம் போகும் என்பது பெண் பிள்ளை வைத்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும். "போகலப்பா, இங்க கிளியரிங்னு ஒண்ணு இருக்கு" என்றேன். நாற்பது வருடம் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர் அவர். "செக்கு கிளியரிங் மாதிரியா?" என்று கேட்டார். காலேஜ் சீட்டு கிளியரிங் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முழுதாக விளக்க அப்போது எனக்கு மூச்சில்லை.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். இந்த நாட்டில் முழுநேர இளங்கலைப் படிப்புக்கான விண்ணப்பம் பெரும்பாலும் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாகத்தான் போகும். செல்டனம் நகரத்தில் இருக்கிறது அது. பிள்ளைகள் தேர்வு எழுதுவதற்குப் பல மாதம் முன்பே ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்துவிடுவார்கள். இன்ன மதிப்பெண் வாங்கினால் இடம் உண்டு என்று பல்கலைக்கழகங்கள் நிபந்தனையோடு சொல்லிவைக்கும். பிள்ளை அவற்றில் ஒன்றை முதலாவதாகவும் ஒன்றைக் காப்பாகவும் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் முடிவு வந்து இரண்டும் கைவிட்டுப் போனால், அப்போது கிளியரிங். நிரம்பாமல் கிடக்கும் இடங்களின் பட்டியல் ஜூலை தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும். பிள்ளை அதைப் பார்த்து, பல்கலைக்கழகத்துக்கு நேரே போன் போட்டு, "என் மதிப்பெண் இது, என்னை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் காலி இடப் பட்டியல் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வரும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி சொல்வார்.

ஒரு காலத்தில் கிளியரிங் என்றால் மிஞ்சியதைப் பொறுக்குவது என்று இங்கேயும் முகம் சுளித்தார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்று அரசு வைத்திருந்த உச்சவரம்பை இங்கிலாந்தில் 2015-ல் முழுதாக எடுத்துவிட்டார்கள். அதன்பின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களும் ஆகஸ்டில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கின்றன. 2024-ல் கட்டணம் வருடத்துக்கு 9,250 பவுண்டாக இருந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அவர்களுக்கும் நட்டம்தான். இந்தக் கருணைக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கணக்கினால் என் மகளுக்கு ஒரு வருடம் மிஞ்சியது என்பதையும் மறக்க மாட்டேன்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டியலில் ஐந்தாறு இடங்களைக் குறித்துவைத்திருந்தாள். எண்ணை அழுத்தப் போனவள் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க வெளில இருங்க."

"நான் ஒண்ணும் பேச மாட்டேன் கண்ணு."

"தெரியும்மா. இருந்தாலும்."

பள்ளியில் ஜூலையிலேயே சொல்லியிருந்தார்கள். பெற்றோர் போன் செய்தால் பல்கலைக்கழகத்தில் பேச விரும்ப மாட்டார்கள், படிக்கப்போகிற பிள்ளைதான் பேச வேண்டும் என்று. அப்போது தலையாட்டினேன். அன்று காலை எழுந்து வெளியே போவது பாறாங்கல்லைத் தூக்குவது போல இருந்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

1999-ல் நான் இருந்த இடம் வேறு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஜங்ஷனில் ஏறி, விடிகாலை சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டி போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் கவுன்சலிங். ஒற்றைச் சாளர முறை வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போது நுழைவுத் தேர்வும் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண் இருநூறுக்கு, நுழைவுத் தேர்வு நூறுக்கு, ஆக முந்நூறுக்குக் கட்‌ ஆஃப். ரேங்க் வாரியாகக் கூப்பிடுவார்கள். மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், டி.டி. என்று அடுக்கிக்கொண்டு அப்பா என்னைவிட இரண்டு மடங்கு பயத்தோடு நடந்தார். கூடத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளை உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஓர் எண் குறையும். அதைப் பார்த்து யாரோ ஓர் அம்மா "அய்யோ" என்பார்.

எனக்கு சிவில் மேல் ஆசை. கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவிலில் இடம் இருந்தது. சூரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். எங்கள் முறை வந்து உட்கார்ந்தபோது, "பொம்பளப் புள்ள வெயில்ல நின்னு கட்டடம் கட்டுமா, எலக்ட்ரானிக்ஸ் போடுங்க" என்று அப்பா சொன்னார். நாமக்கல் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் விழுந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என்னைப் பார்த்து "சரிதானேம்மா?" என்றார். தலையை ஆட்டினேன். அன்று முழுக்க என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. என் ரேங்க் பேசியது, அப்பா பேசினார். அவர் எனக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை. ஆனால் என் வாழ்க்கையை முடிவுசெய்த அந்தச் சில நிமிடங்களில் நான் ஊமையாக இருந்தேன் என்பது இருபத்தைந்து வருடம் கழித்து, வேறொரு நாட்டின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த முறையை நான் பழிக்க வரவில்லை. கிண்டியில் அன்று திரையில் ஓடியது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆத்தூர் விவசாயி மகளுக்கும் அண்ணாநகர் டாக்டர் மகனுக்கும் ஒரே திரை, ஒரே வரிசை. இட ஒதுக்கீட்டில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதும் கண்ணுக்கு முன்னால். சிபாரிசுக்கு வேலை இல்லை. இங்கே கிளியரிங்கில் நாவன்மை ஒரு மதிப்பெண்ணாகவே ஆகிவிடுகிறது. எட்டு மணிக்கு முன்பே பட்டியல் தயாரித்துக் கையில் கொடுக்கும் ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் படித்த பிள்ளை ஒன்பது மணிக்குள் பேசி முடித்துவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசாத, வழிகாட்ட ஆளில்லாத பிள்ளை மத்தியானம்தான் போனையே எடுக்கும். 2020-ல் கொரோனா காரணமாகத் தேர்வே நடக்காமல், கணினிச் சூத்திரம் ஒன்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள். இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கணித்த மதிப்பெண்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது, பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், 17-ஆம் தேதி அரசு பின்வாங்கியது. அந்த நான்கு நாளுக்குள் அவசரப்பட்டு வேறிடம் பிடித்த பிள்ளைகள் எத்தனை வீடுகளில் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அடுத்த வருடம் நம் ஊரிலும் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும்படி பிரித்து மதிப்பெண் போட்டார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் மட்டும் கேட்டது. முதல் அழைப்பில் முக்கால் மணி நேரம் காத்திருப்பு இசை. அப்புறம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டு முறை. மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தி. அங்கே மருந்தியல் இல்லை என்றார்கள் போல, "தேங்க் யூ" என்று வைத்துவிட்டாள். இரண்டாவது இடமும் இல்லை. மூன்றாவது இடத்தில் யாரோ அவளிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "வேதியியலில் எது வராமல் போச்சு?" என்று கேட்டார்களாம். ஆர்கானிக் பகுதியில் எங்கே தடுமாறினாள், அதைச் சரிசெய்ய என்ன செய்வாள் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். தன் குறையைப் பற்றி, தலை குனியாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் பதினெட்டு வயதுப் பெண் பேசுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மார்க் குறைந்த பிள்ளையை எங்கள் தெருவில் யாரும் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், அது திட்டுவதற்காக.

வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் உள்ள அந்தப் பல்கலைக்கழகம் உணவு அறிவியலில் இடம் தருவதாகச் சொன்னது. யோசிக்க நேரமும் கொடுத்தது. பிற்பகலில் யூகாஸ் பக்கத்தில் அந்த இடத்தைச் சேர்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். மருந்தியலை விட்டுவிட்டாயே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கிண்டிக் கூடத்தை நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு அவளே போன் செய்து சொன்னாள். "உணவு அறிவியல்னா, ஜவ்வரிசியப் பத்தியும் படிப்பியா சாமி?" என்று கேட்டார். ஜாகீர் அம்மாபாளையத்தில் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் மூட்டை ஏற்றிய லாரிகள் நிற்பதைத் தினமும் பார்ப்பவர் அவர். ஸ்டார்ச் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது என்று அவள் சொன்னதும் அப்பாவின் குரல் மாறிவிட்டது. அதன் பிறகுதான் சாப்பிட்டாராம்.

ஆகஸ்டில் இன்னொரு கதவு இருப்பது எங்கள் சேலம் ஜில்லாவுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் நினைக்காத நாளில்லை. ராசிபுரம், நாமக்கல் சுற்றுவட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விடிகாலை நாலரைக்கு எழுப்பி, ராத்திரி பதினொன்று வரை படிப்பு. அத்தனையும் ஒரே தேர்வுக்காக. 2021 செப்டம்பரில், நீட் தேர்வு நாள் விடிவதற்குள், மேட்டூர் பக்கத்துக் கிராமம் ஒன்று ஒரு பையனை இழந்தது. மறுநாள் சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அது என்ன ஆறுதல்?

நம் ஊரிலும் கதவுகள் மெல்லத் திறக்கின்றன. தோற்றவர்கள் அக்டோபர் அட்டெம்ப்ட் வரை காத்திருந்த காலம் போய், அதே கோடையில் துணைத் தேர்வு எழுதி, துணைக் கலந்தாய்வில் பொறியியலுக்குச் சேர முடிகிறது. நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' என்று முகாம் நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்தும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிக் கூப்பிட்டு, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆட்களை ஒரே இடத்தில் உட்காரவைத்து, கல்விக் கடனுக்கும் சான்றிதழுக்கும் அங்கேயே வழி சொல்லி, சேர்க்கையும் போடுகிறார்கள். நான் பார்த்தவரை கிளியரிங்குக்கு நம்மிடம் மிக நெருங்கிய உறவு இதுதான். ஒரு விதத்தில் அதைவிட மேல். போன் எடுக்கத் தயங்கும் பிள்ளையை இங்கிலாந்தில் இப்படித் தேடிப் போவதில்லை.

போன வருடம் ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் அப்பாவோடு சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போனபோது, கீரைக் கட்டு பார்த்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவள். 1999-ல் நானும் அவளும் ஒன்றாகத்தான் பிளஸ் டூ எழுதினோம். பள்ளியில் ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்ததால் அக்கா. அப்போது கணக்கில் எழுபது வாங்கினால் பாஸ். அவள் வாங்கியது அறுபத்தாறு. நான் கிண்டிக்கு ரயில் ஏறிய அதே மாதம் அவளுக்கு நிச்சயம் செய்தார்கள். அக்டோபர் வருவதற்குள் கல்யாணம் முடிந்து சங்ககிரிப் பக்கம் போய்விட்டாள். அவள் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். புள்ளிக் கணக்கில் ஒரு பிசகு இருக்காது.

அப்பா முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போல. "உம் புள்ள மார்க் கொறஞ்சும் போன்ல பேசியே சீட்டு வாங்கிட்டாளாம்ல?" என்றாள். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். யார் பேச வேண்டும், என்ன கேட்பார்கள், எத்தனை நாள் திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் முந்திப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கீரையைப் பையில் போட்டுக்கொண்டவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுக்கு வயசு எதுவும் இருக்கா?"

"இல்லக்கா" என்றேன்.

"ம்" என்றாள். கீரைக்காரர் கொடுத்த சில்லறையை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள்.