யாரும் விழுந்து நடிக்காத போர்க்களம்

அமெரிக்காவுல, மேரிலாந்துல இருக்குற ஆன்டீட்டம் போர்க்களப் பூங்காவுக்குப் போயிருந்தோம்.
அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1862 செப்டம்பர் 17 அன்னைக்கு இங்க சண்டை நடந்துச்சு. அந்த ஒரே நாள்ல செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்க எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர்.

நீலக் கம்பளிச் சட்டை போட்ட தன்னார்வலர்கள் துப்பாக்கி சுட்டுக் காட்டினாங்க.
காகிதத் தோட்டாவப் பல்லால கிழிச்சு, மருந்தக் குழலுக்குள்ள கொட்டி, கம்பியால இடிச்சு...
பழகின சிப்பாய் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவானாம்.
இங்க குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். ஆனாலும் நெஞ்சு அதிருது.

ரெண்டு படையா மோதிக்கிறது, சுட்டதும் விழுற மாதிரி நடிக்கிறது எதுக்கும் தேசியப் பூங்காக்கள்ல அனுமதி இல்ல.
நிஜமா உயிர் போன மண்ணுல சாவை வேடிக்கையாக்கக் கூடாது.
இந்த விதியை மனசாரக் கும்பிடுறேன்.

இந்தப் போர் நடந்த அஞ்சே நாள்ல, செப்டம்பர் 22 அன்னைக்கு, அடிமை விடுதலைக்கான முதல்கட்டப் பிரகடனத்தை அதிபர் லிங்கன் வெளியிட்டார்.
அதைச் சொல்லாம விட்டா அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்கு அர்த்தமே இல்ல.

சுத்தி நிறையக் குழந்தைங்க, கண்ணு விரிய பார்த்துட்டு நின்னாங்க.
எப்படிச் சுட்டாங்கன்னு காட்டிட்டோம்.
எதுக்காகச் செத்தாங்கன்னு இந்தக் குழந்தைங்களுக்கு யாரு, எப்போ சொல்லப் போறாங்க?